இரண்டரைக் கட்டை

நடுவிரல் ஒரு தந்தி, ஆள்காட்டி விரல் மூன்று தந்தி. நடுவிரல் ஒன்று, ஆள்காட்டி மூன்று. இந்த அரைமணி நேரத்துக்கு எனக்கு இதைத் தவிர வேறு வேலை கிடையாது. முன்னால் பூர்ணகலா பாடுகிறாள், பின்னால் நான் தம்புராவை நிமிர்த்திப் பிடித்து மீட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் காலேஜ் இசைத் துறையில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு மேடைக் கச்சேரிதான் பரீட்சை. அடுத்துப் பாடப் போகிறவள், இப்போது பாடுகிறவளுக்குத் தம்புரா போட வேண்டும் என்பது வழக்கம். அடுத்தவள் நான். எனக்கு அப்புறம் ஆள் இல்லை, ஆகையால் எனக்கு பூர்ணாவே போடுவாள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் யாரோ, நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருப்பார். திரைக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடிப்பதற்குப் பதிலாக மேடையிலேயே உட்கார்ந்து மனசைச் சுருதியில் வைத்திருக்கட்டும் என்று நினைத்திருப்பார். மனசாவது சுருதியில் நிற்பதாவது. முகத்தை அசைக்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது, பாட்டின் தாளத்தோடு விரல் ஓடிவிடக் கூடாது. பாட்டு ஓடினாலும் நின்றாலும் தம்புரா அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க வேண்டும். மூக்கு அரித்தால் அரிக்கட்டும் என்று விட வேண்டும். இப்போது அரிக்கிறது. பூர்ணா முடித்ததும் நான் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'மேடம், நான் ரெண்டரைல பாடுதேன்.' இதைச் சொல்லிவிட்டால் என் குரலில் பாடுவேன். சொல்லாவிட்டால் இந்த மூன்று வருஷம் எப்படியோ அப்படியே இன்றைக்கும், இனி எப்போதும். மேடத்தைக் கழித்துவிட்டால் மூன்று வார்த்தை. நடுவிரல் ஒன்று, ஆள்காட்டி மூன்று.

ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டைக்கு அடுத்தாற்போல் ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. அதுதான் ஐந்தரை; ரெண்டரை அதற்கு மூன்று கட்டை கீழே. எங்கள் துறையே அந்த ஒரு கறுப்புக் கட்டையின் மேல் நிற்கிறது. முதல் வருஷம் முதல் வகுப்பில் துறைத்தலைவி தர்மாம்பாள் மேடம் சுருதிப் பெட்டியைத் திறந்து ஐந்தரையில் வைத்தார்கள், எல்லோரும் சேர்ந்து ஸா பிடித்தோம். அன்றைக்கு வைத்த பெட்டியை யாரும் திருப்பவே இல்லை. பெண்பிள்ளைகள் காலேஜ், பெண்பிள்ளைகளின் குரல், ஐந்து ஐந்தரையில் நிற்கும், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எல்லோருக்கும் நின்றது. பூர்ணாவுக்கு நின்றதோடு பறக்கவும் செய்தது. இதோ இப்போதுகூட மேல் ஸாவில் போய் நிற்கிறாள், விளக்கைக் கொளுத்தி உச்சியில் வைத்த மாதிரி, அசையாமல். அவளைப் பார்த்துப் பொறாமைப்படக்கூட முடியாது, அவ்வளவு நன்றாகப் பாடுவாள். எனக்கு அந்த ஐந்தரையில் நடு ஸாவே ஏணி போட்டு ஏறுகிற உயரம். அதற்கு மேல் போக ஒரே வழி கள்ளக்குரல். தொண்டையை இறுக்கி, மூச்சைக் குறைத்து, மெல்லிசாக ஒரு நூலை இழுக்கிற மாதிரி ஒரு குரல் இருக்கிறது. அதற்குச் சங்கீதக்காரர்கள் வைத்த பேரே கள்ளக்குரல்தான். கூட்டமாகப் பாடும்போது அதுகூட வேண்டாம், மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினால் போதும். மூன்று வருஷம் மீனாகவும் கள்ளியாகவும் மாறி மாறி இருந்து, எல்லாப் பேப்பரிலும் பாஸ். 'ஹெப்சிபாவுக்கு ஞானம் இருக்கு, சாரீரந்தான் பத்தாது' என்று மேடம் என் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னபோது, ஏதோ எனக்குக் கால் ஒன்று குட்டை என்று சொன்னதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

என் குரல் குட்டையில்லை, கனம். சின்னதிலிருந்தே அப்படி. வீட்டு ஃபோனை எடுத்து நான் 'ஹலோ' என்றால், அந்தப் பக்கம் 'தம்பி, அம்மாட்ட குடுப்பா' என்பார்கள். கேஸ் ஏஜென்சிக்காரர் ஒரு படி மேலே போய் 'சார்' என்றார். நான் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. திருத்தினால் 'அய்யோ, பொம்பளப் பிள்ளையா?' என்று ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பைவிட தம்பியாகவே இருந்துவிட்டுப் போகலாம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா கண்ணைக் காட்டுவாள், மெதுவாகப் பேசு என்று அர்த்தம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு 'ஒண்ணுமில்லம்மா, நல்ல தொண்டை' என்றார். அம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை. பனங்கல்கண்டு, மிளகு, ஆடாதொடை என்று தொடர்ந்து ஊட்டினாள். கோயிலில் பாட்டுக் குழுவில் சேர்ந்தபோது பெண்கள் வரிசையில் என் சத்தம் துருத்திக்கொண்டு நின்றதால், குழுத் தலைவர் என்னைக் கொண்டுபோய் ஆண்கள் வரிசையில், இரண்டு வழுக்கைத்தலை மாமாக்களுக்கு நடுவில் நிறுத்தினார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த போட்டோவில் நான் பாவாடை தாவணியோடு அந்த மாமாக்களுக்கு நடுவே நிற்கிறேன். அடுத்த வருஷம் நான் குழுவுக்கே போகவில்லை. இப்போது அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கைப்பைக்குள் பனங்கல்கண்டு இருக்கும், எனக்குத் தெரியும். நடுவிரல், ஆள்காட்டி.

எல்லாவற்றுக்கும் மேலே மிருதங்கக்காரர் விவகாரம். ரெண்டரைக்குப் பாட வேண்டும் என்றால் நான் மட்டும் இறங்கினால் போதாது, மிருதங்கமும் இறங்க வேண்டும். ஐந்தரைக்கு வாசிக்கிற சின்ன மிருதங்கத்தை எவ்வளவு தட்டினாலும் ரெண்டரைக்கு வராது. அதற்குத் தக்கு என்று ஒரு பெரிய மிருதங்கம், ஆண்கள் பாடும்போது வாசிக்கிறது. ஆகவே போன வாரம் தைரியத்தையெல்லாம் திரட்டி, துறைக்கு எப்போதும் வாசிக்கிற சிதம்பரநாதன் அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். 'அண்ணாச்சி, காலேஜ் கச்சேரிக்கு நான் ரெண்டரைல பாடுதேன், தக்கு கொண்டாருவீங்களா?' என்றேன். 'அதுக்கென்ன தம்பி, கொண்டாரேன்' என்றார். தம்பி. அந்த இடத்தில் 'அண்ணாச்சி, நான் பொம்பளப் பிள்ளை' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பழக்கதோஷம். 'சரி அண்ணாச்சி' என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, அவர் வரப்போவது பெண்கள் காலேஜுக்கு. இன்று காலையில் வந்து இறங்கியவர் நான்கு பக்கமும் பார்த்தார், தர்மாம்பாள் மேடத்திடம் 'இன்னைக்குப் பையன் யாரும் பாடுதானா மேடம்?' என்று கேட்டார். மேடம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். 'பையனா? நம்ம காலேஜுக்குள்ள வாட்ச்மேனத் தவிர யாரு அண்ணாச்சி பையன்?' பக்கத்தில் வயலின் வாசிக்கிற அக்காவும் சிரித்தாள். நான் அவர்களுக்குக் காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அந்தத் தம்பி நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. சொல்லவில்லை. 'எவனோ விளையாடியிருக்கான்' என்று அண்ணாச்சி காப்பியை வாங்கிக் குடித்தார். அப்படியென்றால் தக்கு வந்திருக்கிறதா, இல்லையா? பையன் இல்லை என்று தெரிந்ததும் ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பியிருப்பாரோ? அவருக்குப் பின்னால், சுவரோரம், வயலின் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ காவித்துணி உறை தெரிகிறது. கண்ணின் ஓரத்தால் அதன் விளிம்பு மட்டும் தெரிகிறது. உள்ளே மிருதங்கம் இருக்கிறதா, வெறும் உறையா? வெறும் உறை என்றால் மடங்கிக் கிடக்குமே. மடங்கியிருக்கிற மாதிரியும் இருக்கிறது, நிமிர்ந்திருக்கிற மாதிரியும் இருக்கிறது. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். தம்புராக்காரி தலையைத் திருப்பக் கூடாது.

பூர்ணா ராகத்தை முடித்துப் பாட்டை எடுத்துவிட்டாள். ஹாலில் கூட்டம் இருக்கிறது. பாதிப் பேர் அட்டெண்டன்ஸுக்காக வந்த காமர்ஸ் பிள்ளைகள். 'மூணு வருசம் பாட்டுப் பாடியே டிகிரி வாங்கிருவீங்களாட்டி?' என்று கேன்டீனில் கேட்கிற கூட்டம் இதுதான். பாட்டு மட்டுமா படித்தோம்? எங்கள் காலேஜில் பாட்டுப் படிக்கிறவள் சரித்திரமும் படிக்க வேண்டும், இங்கிலீஷும் படிக்க வேண்டும், ஒலி இயல் என்று ஒரு பேப்பரும் உண்டு. அந்தப் பேப்பருக்கு பிசிக்ஸ் துறையிலிருந்து ஸ்டெல்லா மிஸ் வருவார்கள். அவர்களுக்குப் பாட்டு சுத்தமாக வராது, ராகமும் தெரியாது, ஸ்வரமும் தெரியாது. ஒரு பலகையில் இரண்டு கம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, தட்டிக் காட்டி, 'கம்பி நீளமா தடியா இருந்தா மெதுவா அதிரும், சத்தம் தாழ்ந்து வரும். குட்டையா மெலிசா இருந்தா வேகமா அதிரும், சத்தம் ஒசந்து வரும். தொண்டைக்குள்ள இருக்கதும் அப்பிடித்தான்' என்று சொல்லிவிட்டுப் போர்டில் கணக்கு எழுதத் திரும்பிவிட்டார்கள். எல்லோரும் கணக்கை எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. இவ்வளவுதானா? நீளம், தடிமன். குறை என்ற வார்த்தையே அதில் வரவில்லை, பத்தாது என்ற வார்த்தையும் இல்லை. நீளமான கம்பியைக் குட்டைக் கம்பி மாதிரி அதிரச் சொன்னால் அது என்ன செய்யும்? இறுக்க இறுக்க முறுகும், ஒருநாள் அறுந்துபோகும். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷத்திலா கோபத்திலா என்று இன்றுவரை தெரியாது. கோபம்தான் என்று நினைக்கிறேன். எவ்வளவு பனங்கல்கண்டு!

அதே வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள்தான் பெரிய தம்புரா. வாத்திய அறையில் மூலையில் ஒரு பெரிய தம்புரா, குடம் என் இடுப்பளவு இருக்கும், ஆண்கள் பாடுவதற்குப் பிடிக்கிறது. யாரோ காலேஜுக்குக் கொடுத்தது. இங்கே எடுத்து வாசிக்க ஆள் இல்லாததால் வருஷத்துக்கு ஒருமுறை மாலை போட்டுச் சந்தனம் வைப்பார்கள், மறுநாள் துடைத்து மூலையில் சாத்துவார்கள். துடைக்கிற முறை அந்த வருஷம் எனக்கு. துணி தந்தியில் பட்டது. ஒரு சத்தம் வந்தது. அறைக்குள் வந்ததா என் நெஞ்செலும்புக்குள் வந்ததா என்று சொல்ல முடியாது, அப்படி ஒரு சத்தம். எத்தனையோ வருஷமாகச் சுருதி சேர்க்காமல் தளர்ந்து கிடந்த தந்தி, இறங்கி இறங்கி, சரியாக என் குரல் இருக்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. நான் சும்மா வாயைத் திறந்து ஸா என்றேன். தொண்டையை இறுக்கவில்லை, ஏணி போடவில்லை, நூல் இழுக்கவில்லை. சும்மா. தரையில் கால் பதிந்த மாதிரி இருந்தது. பாடும்போது கால் தரையில் பதியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. துடைக்கிற துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பூர்ணாதான் தேடிக்கொண்டு வந்தாள். 'என்னட்டி, சந்தனம் கண்ணுல பட்டுட்டா?' என்றாள். 'ஆமா' என்றேன். அப்புறம் நானே தந்தி மாற்றி, தந்தியை இறுக்குகிற பிரடையைத் திருகப் பழகி, அதைச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டேன். மேடத்திடம் போய், கச்சேரியன்று பெரிய தம்புராவை மேடைக்குக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். 'நல்ல ஐடியாட்டி, ஓரத்துல பூ சுத்தி வச்சா மேடை நெறஞ்ச மாதிரி இருக்கும்' என்றார்கள். அலங்காரத்துக்கு என்று நினைத்துவிட்டார்கள். இதோ வலதுபக்கம் மேடையோரம் அது சாய்ந்து கிடக்கிறது, கழுத்தில் மல்லிகைச் சரம், காலையில் நான் சேர்த்த சுருதியோடு. பூச் சுற்றிய பெண்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, வாயைத் திறந்தால்தான் தெரியும். எங்கள் இருவருக்கும் அந்த விஷயத்தில் நல்ல பொருத்தம்.

விரல் நுனி எரிகிறது. கட்டைவிரல் மரத்துப் போய்விட்டது. பூர்ணா ஸ்வரம் பாடத் தொடங்கிவிட்டாள், அண்ணாச்சி அவளை விரட்டுகிறார், இவள் அவரை விரட்டுகிறாள், கூட்டம் ரசிக்கிறது. சீக்கிரம் முடிந்துவிடும். முடியாமல் இருக்கக் கூடாதா? இன்னும் ஒரு மணி நேரம் பாடேன் பூர்ணா. ஐந்தரையிலேயே பாடிவிட்டால் என்ன? பாஸ் போட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து வந்திருக்கிற எக்ஸாமினர் அம்மா பார்க்கச் சாதுவாக இருக்கிறார்கள், கள்ளக்குரலுக்குப் பத்து மார்க் குறைப்பார்கள், அவ்வளவுதானே. டிகிரி வந்துவிடும். அப்புறம் ஒரு ஸ்கூலில் பாட்டு டீச்சர், அங்கே பிள்ளைகளுக்கு ஐந்தரையில் பெட்டியைத் திறந்து வைத்து, கூட்டத்தில் ஒரு பிள்ளை மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினால் நானும் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, ஞானம் இருக்கு, சாரீரந்தான் பத்தாது என்று சொல்வேன். சொல்வேனா? சொல்லத்தான் சொல்வேன், வேறு என்ன தெரியும்? அப்படி ஒரு டீச்சராக நான் ஆகக் கூடாது. இல்லை. அப்பா எங்கே? கடைசியில், கதவோரம் நிற்கிறார். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிற்பார். அப்பாவுக்கு எங்கள் கோயிலில் மணி அடித்து, பெஞ்சு துடைத்து, சாவி வைத்திருக்கிற வேலை. எங்கள் பக்கம் கோயில்குட்டி என்பார்கள். ஆராதனை முடியும்வரை கதவோரம் நின்றே பழகினவர். சனிக்கிழமைகளில் அவர் பெஞ்சு துடைத்து முடித்ததும், நான் உள்ளே போய் ஃபோனில் சுருதியை ரெண்டரைக்கு வைத்துக்கொண்டு பாடுவேன். பெரிய கோயில், ஓட்டுக்கூரை, கீழே இறங்கிப் பாடப் பாட அந்தச் சுவர்கள் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் இருப்பார். ஒருமுறைகூட உள்ளே வந்து கேட்டதில்லை. ஆனால் அப்புறம் சனிக்கிழமைதோறும் பெஞ்சைச் சீக்கிரம் துடைத்து முடித்துவிடுவார். ஒருநாள் பூட்டும்போது, பூட்டைப் பார்த்தே சொன்னார்: 'அந்தச் சத்தம் நம்ம கோயிலுக்குள்ள நல்லா நிக்குது பிள்ள.' அம்மாவிடம் சொல்லவில்லை. நன்றாக நிற்கிறது. நிற்கிற இடத்தில் நின்றால் எதுவும் நன்றாக நிற்கும். நடுவிரல் ஒன்று, ஆள்காட்டி மூன்று.

மங்களம் ஆகிவிட்டது. கைதட்டல். பூர்ணா திரும்பி என்னைப் பார்க்கிறாள், முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு. 'எப்பிடிட்டி?' என்கிறாள். 'உசுரக் குடுத்துட்ட' என்கிறேன், அது உண்மைதான். எழுந்து இடம் மாறுகிறோம். கால் மரத்து, நான் தடுமாறுகிறேன், காமர்ஸ் பக்கம் ஒரு சிரிப்பு. முன்னால் வந்து உட்காருகிறேன். மைக் வாய்க்கு நேரே நிற்கிறது. பூர்ணா சின்னத் தம்புராவை மடியில் வாங்கப் போகிறாள். இப்போது சொல்ல வேண்டும். சொல்லு. மேடம் முதல் வரிசையிலிருந்து 'ஆரம்பிம்மா' என்று தலையசைக்கிறார்கள். வயலின் அக்கா ஐந்தரையில் வில்லைப் போட்டு ஸா கொடுக்கிறாள். கள்ளக்குரல் தொண்டைக்குள் தயாராக எழுந்து நிற்கிறது, மூன்று வருஷம் வேலை பார்த்த விசுவாசம் அதற்கு. போ, உட்கார், உனக்கு இன்றோடு ரிட்டயர்மென்ட். 'மேடம்' என்கிறேன். மைக்கில் விழுந்து ஹால் முழுக்க உருள்கிறது என் குரல், ஆம்பளைக் குரல், அம்மா கைப்பையைப் பிடித்துக்கொள்கிறாள். 'மேடம், நான் ரெண்டரைல பாடுதேன்.' மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். 'ரெண்டரையா? அது ஆம்பளைங்க சுருதில்லாட்டி?' காமர்ஸ் கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது. நான் பயந்த சிரிப்பு இதுதான். சின்னதிலிருந்து ஒவ்வொரு ஃபோனிலும் பயந்து ஒளிந்த சிரிப்பு. வந்துவிட்டது, சிரிக்கிறார்கள், அது கேட்டுக்கொண்டிருக்கிறது, நான் உட்கார்ந்துதான் இருக்கிறேன். இவ்வளவுதானா இது? 'என் சுருதிதான் மேடம்' என்கிறேன். எக்ஸாமினர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'பாடட்டுமே' என்கிறார்கள். மேடம் என்னையும் ஓரத்தில் கிடக்கிற பெரிய தம்புராவையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அலங்காரம் இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. 'அடிப்பாவி' என்கிறார்கள், ஆனால் அதில் கோபத்தைத் தேடிப் பார்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அண்ணாச்சி. அவர் பக்கம் திரும்புகிறேன். இப்போது தலையைத் திருப்பலாம், நான் தம்புராக்காரி இல்லை, பாட்டுக்காரி. 'அண்ணாச்சி, ஃபோன்ல பேசுன தம்பி நான்தான்.' அவர் என்னைப் பார்க்கிறார், வாயைத் திறந்தது திறந்தபடி. பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறார். அது காமர்ஸ் சிரிப்பு இல்லை. 'காப்பி குடுக்கையில சொல்லியிருக்கலாம்லா?' என்கிறார். 'வாய் வரல அண்ணாச்சி' என்கிறேன். 'இப்ப வருதா?' 'வருது.' அவர் பின்பக்கம் கையை நீட்டி, வயலின் பெட்டிக்கு அப்பால் இருந்த காவித்துணி உறையை இழுக்கிறார். அது கனமாக உருண்டு வருகிறது. தக்கு! ஊரில் இருக்கிற எல்லா மணியையும் அப்பா ஒன்றாக அடித்த மாதிரி இருக்கிறது எனக்கு. 'தம்பிக்கு வாக்குக் குடுத்தாச்சுல்லா, அவன் வந்தா என்ன வராட்டி என்னன்னு கொண்டாந்தேன்' என்று உறையை அவிழ்க்கிறார். பூர்ணா எழுந்து போய்ப் பெரிய தம்புராவைத் தூக்க முயல்கிறாள், மல்லிகைச் சரம் அவள் முகத்தில் விழுகிறது. 'ஏட்டி, இது என்னட்டி இவ்வளவு கனம்?' என்கிறாள், மைக்கில் அதுவும் கேட்கிறது, ஹால் மறுபடி சிரிக்கிறது, இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வயலின் அக்கா தந்தியை இறக்குகிறாள். எல்லோரும் இறங்கி வருகிறார்கள். மூன்று வருஷம் நான் தனியாக ஏறிப் பார்த்த ஏணியில் இன்று ஒரு மேடையே இறங்கி என்னிடம் வருகிறது.

பூர்ணாவின் விரல் பெரிய தம்புராவில் படுகிறது. அந்தச் சத்தம் என் முதுகில் வந்து சாய்கிறது. கால் தரையில் பதிகிறது. ஸா. நானாகப் பிடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது அங்கே இருந்தது, நான் போய் உட்கார்ந்துகொண்டேன். பைரவி ராகம். அவசரம் இல்லை. நிஷாதத்தில் மெல்லச் சாய்ந்து, அங்கிருந்து கீழே, தைவதம், அதற்கும் கீழே பஞ்சமம். பூர்ணா இந்தக் காலேஜில் எத்தனை உச்சிக்குப் போயிருக்கிறாளோ, அத்தனை ஆழத்துக்கு நான் போகிறேன். இந்த மேடையில் இந்த இடத்துக்கு இதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை வந்ததில்லை. இங்கே யாரும் இல்லை, எவ்வளவு விசாலம், நான் கையை வீசி நடக்கலாம். காமர்ஸ் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பஞ்சமத்தில் நிற்கிறேன். மூச்சு இருக்கிறது, இன்னும் இருக்கிறது, நிறைய இருக்கிறது, இத்தனை வருஷம் மூச்சைக் குறைத்துக் குறைத்துச் சேர்த்து வைத்ததெல்லாம் இருக்கிறது போல. ஹாலின் சுவர் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. அம்மாவைப் பார்க்கிறேன். கைப்பை மடியிலிருந்து நழுவித் தரையில் கிடக்கிறது, அவள் எடுக்கவில்லை, வாயைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணைக் காட்டவில்லை. மெதுவாகப் பேசு என்று இன்று அவள் சொல்லவில்லை. கடைசியில், கதவோரத்தில், அப்பா உட்கார்ந்துவிட்டார். எந்த ஆராதனையிலும் உட்காராத மனுஷன், இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்து கேட்கிறார். நான் பஞ்சமத்தை விட்டு இன்னும் கீழே மத்தியமத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து ஒரே மூச்சில் மேலே ஏறி வந்து ஸாவில் நிறுத்துகிறேன். ஒரு நொடி தம்புரா மட்டும் நடக்கிறது. அந்த ஒரு நொடியில் சிதம்பரநாதன் அண்ணாச்சி, தக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, தன்னை மறந்து ஹாலே கேட்கும்படி கத்துகிறார்: 'பலே, தம்பி!' சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார். ஹால் முழுக்கக் கைதட்டுகிறது. மேடமும் தட்டுகிறார்கள். நான் திருத்தவில்லை. சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்து, மறுபடியும் கீழே இறங்குகிறேன்.